முன்னொட்டு என்பது ஒரு திசை: ஆங்கிலச் சொற்களின் இலத்தீன் தலைப்பகுதியைக் கற்கத் தொடங்குவோருக்கு

தமிழில் ஒரு சொல்லின் பொருளை விரிக்கும் வேலையைப் பெரும்பாலும் அதன் பின்னால் வந்து ஒட்டும் உறுப்புகளே செய்கின்றன. வேற்றுமை உருபும் விகுதியும் இறுதியில் சேர்கின்றன. பகுதி முதலில் நின்று, பேசப்படுவது எது என்பதை உடனே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலோ, குறிப்பாக இலத்தீனிலிருந்து வந்த சொற்களில், பகுதிக்கு முன்பாகவே ஒரு சிறிய உறுப்பு நின்று பொருளைத் திருப்பிவிடுகிறது. சொல்லின் தலையிலேயே பகுதியைத் தேடிப் பழகிய கண்களுக்கு இது தொடக்கத்தில் தடுமாற்றத்தைத் தருவது இயல்பு.

முன்னொட்டுகளைப் பலரும் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள்: 'ரி' என்றால் மறுபடி, 'சப்' என்றால் துணை, 'ப்ரோ' என்றால் ஆதரவு. அப்படிக் கற்றவரிடம் 'ரிப்போர்ட்' என்ற சொல்லில் எது மறுபடி நிகழ்கிறது என்று கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது. பட்டியலில் உள்ள பொருள் பொய்யன்று. ஆனால் அது பிற்காலத்தில் விளைந்த பொருள். இலத்தீன் முன்னொட்டுகளில் பெரும்பாலானவை தொடக்கத்தில் இடத்தையும் திசையையும் குறித்தவை: உள்ளே, வெளியே, கீழே, குறுக்கே, பின்னோக்கி. அந்தத் திசையை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றப் பொருள்கள் அதிலிருந்து தாமே கிளைத்து வருவதைக் காணலாம். கீழே உள்ள படிகள் அந்த எண்ணத்தின் மீதே அமைந்தவை.

முதற்படி: ஒரே வினையைச் சுற்றி வருதல்

முன்னொட்டைத் தனியே கற்காதீர்கள். ஓர் இலத்தீன் வினையை எடுத்துக்கொண்டு, அதன் முன் வெவ்வேறு முன்னொட்டுகள் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதற்கு மிகவும் ஏற்ற வினை 'போர்ட்டாரே'; சுமந்து செல்லுதல் என்பது அதன் பொருள். 'இன்' என்றால் உள்ளே. ஆகவே 'இம்போர்ட்' என்பது உள்ளே சுமந்து வருதல், அதாவது இறக்குமதி. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'எக்ஸ்போர்ட்' ஏற்றுமதி ஆயிற்று. 'டிரான்ஸ்' என்றால் ஒன்றைக் கடந்து அப்பால். 'டிரான்ஸ்போர்ட்' என்பது ஓரிடத்திலிருந்து மறு இடத்திற்குக் கொண்டுசெல்வது. 'டி' என்பது விட்டு அகலுதலையும் கீழிறங்குதலையும் குறிக்கும். ஒருவரை நாட்டை விட்டு அகற்றுவது 'டிபோர்ட்'.

இனி, பட்டியல் விளக்காமல் விட்ட இரண்டு சொற்களுக்கு வருவோம். 'ரி' என்பதன் முதற்பொருள் பின்னோக்கி, திரும்ப என்பதாகும். போய்க் கண்டதைத் திரும்பச் சுமந்து வந்து சொல்வதுதான் 'ரிப்போர்ட்'. திரும்பி வருவது மீண்டும் வருவதுமாகும் என்பதால் மறுபடி என்ற பொருள் அதற்குப் பின்னர் ஏற்பட்டது. தமிழில் 'திரும்ப' என்ற ஒரே சொல் இரண்டு பொருளையும் தருவதை எண்ணிப் பாருங்கள். 'சப்' என்றால் அடியில். ஒரு பாரத்தை அடியிலிருந்து தாங்குவது 'சப்போர்ட்'. ஆதரவு, துணை என்ற கருத்துகள் எல்லாம் அந்தத் தாங்குதலில் இருந்து வந்தவையே.

இந்தப் பயிற்சியை எறிதல் என்னும் பொருளுடைய 'யாக்கெரே' என்ற வினையோடும் செய்து பாருங்கள். உள்ளே எறிவது 'இன்ஜெக்ட்', பின்னே எறிந்துவிடுவது 'ரிஜெக்ட்', முன்னோக்கி எறிவது 'ப்ராஜெக்ட்'. திரைமீது ஒளியை எறிவதற்கும், எதிர்காலத்தை நோக்கி ஒரு திட்டத்தை வகுப்பதற்கும் ஏன் ஒரே சொல் வழங்குகிறது என்பது இப்போது விளங்கும்.

இரண்டாம் படி: தமிழில் ஏற்கெனவே உள்ளதை அடையாளம் காணுதல்

இந்த அமைப்பு தமிழுக்கு முற்றிலும் அயலானது என்று எண்ண வேண்டியதில்லை. இலத்தீன் முன்னொட்டுகளில் பல அம்மொழியில் தனித்து நின்று இடத்தைச் சுட்டிய சொற்களாகவும் இருந்தவை. தமிழிலும் முன், பின், மேல், உள், உடன், இடை, எதிர் போன்ற சொற்கள் தனித்தும் நிற்கின்றன. வேறு சொல்லின் முன் சேர்ந்து புதுச்சொல்லையும் ஆக்குகின்றன. நூலின் தொடக்கத்தில் வரும் முன்னுரையை ஆங்கிலம் 'ப்ரிஃபேஸ்' என்கிறது. அது 'முன்னே சொல்லுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பின்குறிப்பு 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' ஆகும். பின்னே எழுதப்பட்டது என்பதே அதன் பொருள். மேற்பார்வை 'சூப்பர்விஷன்', 'சூப்பர்' மேல், 'விஷன்' பார்வை. முன்னேற்றத்தைக் குறிக்கும் 'ப்ராக்ரஸ்' என்பதில் முன்னோக்கி அடியெடுத்து வைக்கும் வினை இருக்கிறது. வழியிடையே ஒன்றைப் பிடிப்பது 'இன்டர்செப்ட்'. நாம் இடைமறித்தல் என்கிறோம். எதிராகப் பேசுவது 'கான்ட்ராடிக்ட்'.

எனவே ஒவ்வொரு முன்னொட்டுக்கும் எதிரே ஆங்கில விளக்கத்தை எழுதிவைப்பதற்குப் பதிலாக, இத்தகைய ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவையுங்கள். தொடக்கத்தில் 'ரி', 'இன்', 'எக்ஸ்', 'சப்', 'டிரான்ஸ்', 'ப்ரீ', 'ப்ரோ', 'இன்டர்' ஆகிய எட்டு போதும். இவை எட்டும் கைவந்த பிறகு உடன் என்னும் பொருளுடைய 'கான்', நோக்கி என்னும் பொருளுடைய 'அட்', பிரித்து என்னும் பொருளுடைய 'டிஸ்', ஊடாக என்னும் பொருளுடைய 'பெர்' ஆகியவற்றுக்குச் செல்லலாம். நூறு என்பது இலத்தீனில் 'சென்டும்'. 'பெர்சென்ட்' என்பது நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு.

மூன்றாம் படி: ஒலிமாற்றத்தைப் புணர்ச்சி இலக்கணத்தால் அறிதல்

கற்போர் மனம் தளரும் இடம் இதுதான். 'இன்' என்று படித்த முன்னொட்டு 'இம்போர்ட்' என்பதில் 'இம்' ஆகவும், 'இல்லீகல்' என்பதில் 'இல்' ஆகவும், 'இர்ரெகுலர்' என்பதில் 'இர்' ஆகவும் வருகிறது. இவற்றை நான்கு முன்னொட்டுகளாகக் கற்பது வீண் உழைப்பு. தமிழ் இலக்கணம் சிறிதளவு படித்தவருக்கும் இதன் காரணம் நன்கு தெரிந்ததே.

இரண்டு சொற்கள் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று மாற்றங்கள் நிகழக்கூடும் என்று நம் இலக்கணம் சொல்கிறது. மரமும் 'கள்' விகுதியும் சேர்ந்தால் மகரம் ககரத்தின் இன எழுத்தாகத் திரிந்து மரங்கள் ஆகிறது. பகரத்துக்கு இனம் மகரம் என்பதையும் நாம் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். இலத்தீன் பேசியோரின் வாயும் அதே வழியில்தான் இயங்கியது. இதழ்களை மூடி ஒலிக்கும் எழுத்து வரப்போகிறது என்றால், அதற்கு முன்னுள்ள மூக்கொலியும் இதழ்களை மூடியே பிறப்பது எளிது. ஆகவே 'இன்' என்பது 'பாசிபிள்' என்பதற்கு முன் 'இம்' ஆயிற்று. 'கான்' என்பது 'கம்பைன்' போன்ற சொற்களில் மகரத்தோடு நிற்கிறது. 'எக்ஸ்' என்பது 'எமிட்' என்ற சொல்லில் தன் மெய்யை இழந்து நிற்பது கெடுதல். 'கோஆபரேட்' என்பதில் 'கான்' தன் மெய்யை இழந்ததும் அதுவே. 'ரிடீம்' என்ற சொல்லில் 'ரி' என்ற முன்னொட்டுக்கும், வாங்குதல் என்னும் பொருளுடைய 'எமெரே' என்ற வினைக்கும் நடுவே டகரம் ஒன்று தோன்றுவது போலக் காணப்படுகிறது. உண்மையில் அது முன்னொட்டின் பழைய வடிவமான 'ரெட்' என்பதன் எச்சம்.

திரிதலில் மிகவும் ஆழ்ந்து பார்க்க வேண்டியது 'அட்' என்ற முன்னொட்டு. அது அடுத்து வரும் மெய்யாகவே பெரும்பாலும் மாறிவிடுகிறது. 'அக்செப்ட்', 'அப்பியர்', 'அசிஸ்ட்', 'அட்ராக்ட்', 'அனவுன்ஸ்' ஆகிய அனைத்தின் தலையிலும் இருப்பது அந்த ஒரே 'அட்' தான். வந்தடைதலைக் குறிக்கும் 'அரைவ்' இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சொல். 'ரீப்பா' என்றால் இலத்தீனில் கரை. கரையை நோக்கி வருவதே அதன் மூலப்பொருள். கரைசேர்தல் என்று நாம் சொல்லும்போது எந்தக் காட்சி மனத்தில் எழுகிறதோ, அதே காட்சி அந்தச் சொல்லுக்குள்ளும் இருக்கிறது.

இந்தப் படியால் கிடைக்கும் பெரும்பயன் எழுத்துப்பிழை குறைவதாகும். முன்னொட்டின் இறுதி மெய் அடுத்த மெய்யாக மாறியதால்தான் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரட்டை எழுத்து வருகிறது. 'கலெக்ட்' என்பதில் இரண்டு 'எல்', 'கரெக்ட்' என்பதில் இரண்டு 'ஆர்', 'சஃபர்' என்பதில் இரண்டு 'எஃப்', 'ஆஃபர்' என்பதிலும் இரண்டு 'எஃப்' இருப்பது இதனால்தான். தங்குமிடம் தருதலைக் குறிக்கும் 'அக்காமடேட்' என்ற சொல்லைப் பிழையாக எழுதாதவர் குறைவு. பலர் ஒரே ஒரு 'எம்' எழுதிவிடுகிறார்கள். அதில் 'அட்', 'கான்' என இரண்டு முன்னொட்டுகள் அடுத்தடுத்து உள்ளன. முதலாவது திரிந்ததால் இரண்டு 'சி' வந்தது. இரண்டாவது திரிந்ததால் இரண்டு 'எம்' வந்தது. இதை ஒருமுறை புரிந்துகொண்டவர் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நான்காம் படி: இரண்டு 'இன்' உண்டு என்பதை அறிதல்

முதற்படியில் உள்ளே என்னும் பொருளில் வந்த 'இன்' வேறு; இல்லை, அல்ல என்னும் பொருளில் வரும் 'இன்' வேறு. 'இன்ஸ்பெக்ட்' என்பதில் வருவது முதலாவது. உள்நோக்கிப் பார்த்தல் அதன் பொருள். 'இன்கரெக்ட்', 'இம்பாசிபிள்' ஆகியவற்றில் வருவது இரண்டாவது. இரண்டும் இலத்தீனிலேயே ஒரே வடிவம் கொண்டிருந்தன; ஆனால் அவற்றின் பிறப்பு வெவ்வேறு. எதிர்மறை 'இன்' நமக்கு நன்கு பழக்கமான ஓர் உறுப்பின் உறவினம்: நீதி அநீதியாகவும், அவசியம் அநாவசியமாகவும் மாறுவதற்குக் காரணமான சமஸ்கிருத 'அ', 'அந்' என்பனவும், கிரேக்கத்தின் 'அ', 'அன்' என்பனவும், ஆங்கிலத்திற்கே உரிய 'அன்' என்பதும் ஒரே தொன்மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது ஒப்பியல் மொழியியலின் முடிவு.

பொதுவாக, பெயரடையின் முன் வந்தால் எதிர்மறை, வினையின் முன் வந்தால் உள்ளே என்று தொடக்கத்தில் கொள்ளலாம். இந்த விதி பெரும்பாலும் கைகொடுக்கும். கைவிடும் இடம் ஒன்றை மட்டும் உயிர்காக்கும் அறிவாகக் கருதி நினைவில் வையுங்கள். எரிபொருள் கலன்களின் மீது எழுதப்படும் 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல் தீப்பற்றாதது என்று பொருள்படாது. எளிதில் தீப்பற்றக்கூடியது என்றே பொருள்படும். 'இன்ஃப்ளேம்' என்றால் தீயை மூட்டுதல். அங்குள்ளது உள்ளே என்னும் 'இன்'. படிப்பவர் இதை எதிர்மறையாகக் கொண்டு ஏமாறக்கூடும் என்ற அச்சத்தாலேயே 20-ஆம் நூற்றாண்டில் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவம் பரப்பப்பட்டது. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றே.

ஆங்கிலத்தின் சொந்த 'அன்' எங்கே வரும், இலத்தீன் 'இன்' எங்கே வரும் என்பதற்கு முழுமையான விதி கிடையாது. ஆயினும் இயலாத ஒருவர் 'அனேபிள்', இயலாமை 'இனபிலிட்டி' என்றும், நீதியற்றது 'அன்ஜஸ்ட்', அநீதி 'இன்ஜஸ்டிஸ்' என்றும் இணையாக வழங்குவதைக் கவனியுங்கள். பெயர்ச்சொல் முழுவடிவில் இலத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ வந்தபோது தன் 'இன்'னையும் சேர்த்தே கொண்டுவந்தது. பெயரடைக்கு ஆங்கிலம் தன் சொந்த உறுப்பையே ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் படி: ஒத்த தோற்றமுடையவற்றைப் பிரித்தறிதல்

'ப்ரீ' என்பதும் 'ப்ரோ' என்பதும் இரண்டுமே தமிழில் முன் என்று பெயர்க்கப்படுவதால் குழப்பம் நேரும். 'ப்ரீ' பெரும்பாலும் காலத்தால் முன். 'ப்ரோ' முன்னோக்கி, வெளிப்படையாக, ஒன்றின் சார்பில் அல்லது ஒன்றின் இடத்தில். பெயருக்கு மாற்றாக நிற்கும் பிரதிப்பெயர் 'ப்ரோநவுன்' எனப்படுவது இதனாலேயே. இந்த வேறுபாடு எத்தனை பெரியது என்பதை எழுதுதல் என்னும் வினை காட்டுகிறது. 'ப்ரிஸ்க்ரைப்' என்றால் முன்கூட்டி எழுதி வகுத்தல். மருத்துவர் மருந்தை எழுதித் தருவது அது. 'ப்ரோஸ்க்ரைப்' என்றால் தடைசெய்தல். பண்டைய உரோமில் கி.மு. 82-இல் தளபதி சுல்லா தன் எதிரிகளின் பெயர்ப்பட்டியலை எல்லாரும் காணும்படி எழுதி வைத்தான். அதில் பெயர் இடம்பெற்றவரை யாரும் கொல்லலாம், அவருடைய சொத்தும் பறிமுதல் ஆகும். பொதுவெளியில் எழுதிவைத்தல் என்ற சொல் அப்படித்தான் கொடிய பொருளை ஏற்றது. ஒரே ஓர் உயிரெழுத்து மாறினால் மருந்து தடையாகிவிடும். ஆகவே இவ்விரண்டையும் எழுதும்போது நின்று பார்த்து எழுதுங்கள்.

'இன்டர்' என்பது இரண்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு இடையிலும் நிற்கும். 'இன்ட்ரா' என்பது ஒன்றுக்குள்ளேயே அடங்கும். பல வலைப்பின்னல்களை இணைப்பது 'இன்டர்நெட்'. ஒரு நிறுவனத்திற்குள்ளேயே இயங்குவது 'இன்ட்ராநெட்'. 'இன்டர்நேஷனல்' என்ற சொல் பழைய உரோமர் அறியாதது. ஆங்கிலச் சட்ட அறிஞர் ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில், நாடுகளுக்கு இடையிலான சட்டத்தைக் குறிக்கத் தாமே ஆக்கிக்கொண்ட சொல் அது. இலத்தீன் முன்னொட்டுகள் இறந்த பொருள்கள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

'ஆன்டி' என்று செவியில் விழுவது இரண்டு. எதிர் என்னும் பொருளுடையது கிரேக்கம். 'ஆன்டிபயாட்டிக்' அதைச் சேர்ந்தது. முன் என்னும் பொருளுடைய இலத்தீன் உறுப்பு ஆங்கில எழுத்துக்கூட்டலில் இறுதியில் 'இ' (e) எழுத்தைப் பெறும். கடிகார நேரத்தோடு நாம் எழுதும் 'ஏ.எம்.' என்பதில் அது நிற்கிறது: 'ஆன்டி மெரிடியம்', நண்பகலுக்கு முன். 'பி.எம்.' என்பது 'போஸ்ட் மெரிடியம்', நண்பகலுக்குப் பின். எதிர்பார்த்தலைக் குறிக்கும் 'ஆன்டிசிபேட்' மட்டும் கிரேக்க உறுப்பின் எழுத்துக்கூட்டலை அணிந்துகொண்ட இலத்தீன் சொல். முன்கூட்டி எடுத்துக்கொள்ளுதல் என்பதே அதன் மூலப்பொருள்.

எண்ணைக் குறிக்கும் முன்னொட்டுகளில் அதிகச் சிக்கல் இல்லை. 'யூனி' ஒன்று, 'பை' இரண்டு, 'ட்ரை' மூன்று, 'மல்டி' பல, 'செமி' பாதி. பிரான்சு 1795-இல் மெட்ரிக் அளவைகளைச் சட்டமாக்கியபோது, பெருக்கிச் சொல்லும் அளவுகளுக்குக் 'கிலோ' போன்ற கிரேக்க முன்னொட்டுகளையும், பங்கிட்டுச் சொல்லும் அளவுகளுக்குச் 'சென்டி', 'மில்லி' போன்ற இலத்தீன் முன்னொட்டுகளையும் பயன்படுத்தியது. அதனால் 'செஞ்சுரி' என்பது 100 ஆண்டுகளாக இருக்க, 'சென்டிமீட்டர்' 100 மீட்டராக இல்லாமல் மீட்டரில் 100-இல் ஒரு பங்காக இருக்கிறது.

ஆறாம் படி: தேய்ந்த பொருளையும் மாறிய வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளுதல்

எல்லாச் சொல்லிலும் திசை தெளிவாகத் தெரியும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் மிஞ்சும். சில இடங்களில் முன்னொட்டு முழுமையை மட்டுமே காட்டுகிறது. 'கம்ப்ளீட்' என்பதில் 'கான்' உள்ளது. அங்கே உடன் என்ற பொருள் இல்லை, நிறைத்துவிடுதல் என்ற முழுமைதான் உள்ளது. 'பெர்ஃபெக்ட்' என்பதும் அவ்வாறே, இறுதிவரை செய்து முடிக்கப்பட்டது. விடுதல் என்ற வினை தமிழில் 'சொல்லிவிட்டான்', 'முடித்துவிட்டாள்' என்று துணைவினையாக வரும்போது கைவிடுதல் என்னும் தன் பொருளை இழந்து முழுமையைக் காட்டுவதில்லையா? அதை ஒத்ததே இதுவும்.

வடிவம் மாறியதற்கு வரலாறு காரணம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் இலத்தீனின் வழித்தோன்றலான பிரெஞ்சு மொழி வழியாகச் சொற்கள் வந்தன. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் இலத்தீன் நூல்களிலிருந்து நேரே எடுத்தார்கள். ஆகவே ஒரே சொல் இருமுறை ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் உண்டு. மேலிருந்து பார்த்தல் என்னும் ஒரே இலத்தீன் வினை நேரே வந்து 'சூப்பர்வைஸ்' ஆயிற்று. பிரெஞ்சு வழியாக வந்து 'சர்வே' ஆயிற்று. உள்ளே வைத்து மூடுதல் என்பது ஒருபுறம் 'இன்க்ளூட்', மறுபுறம் 'என்க்ளோஸ்'. 'சர்', 'என்', 'கவுன்டர்' என்று தொடங்கும் சொற்களைக் கண்டால் அவற்றின் பின்னே 'சூப்பர்', 'இன்', 'கான்ட்ரா' இருக்கக்கூடும் என்று ஐயுறுங்கள்.

'ரி' பற்றி இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. பழைய சொற்களில் அது குறுகி ஒலிக்கும்; புதிதாக, மறுபடி என்னும் பொருளில் ஒட்டினால் நீண்டு ஒலிக்கும். 'ரிசைன்' என்றால் பதவி விலகுதல்; நடுவே சிறுகோடிட்டு 'ரீ-சைன்' என்றால் மீண்டும் கையொப்பமிடுதல். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பும் ஒருவர் மின்னஞ்சலில் அந்தச் சிறுகோட்டை விட்டுவிட்டால், விலகுகிறார் என்றே படிப்பவர் புரிந்துகொள்வார்.

ஏழாம் படி: போலிகளைச் சோதித்து, அகராதியால் உறுதிசெய்தல்

சொல்லின் தொடக்கம் முன்னொட்டைப் போல் தோன்றுவதால் மட்டுமே அது முன்னொட்டாகிவிடாது. 'அங்கிள்' என்பதில் 'அன்' இல்லை. தாயின் உடன்பிறந்தவனைக் குறித்த 'அவுங்குலுஸ்' என்ற இலத்தீன் சொல் தேய்ந்து அப்படி ஆயிற்று. 'இன்ச்' என்பதில் 'இன்' இல்லை. 12-இல் ஒரு பங்கு என்னும் பொருளுடைய 'உங்க்கியா' என்பதே அதன் மூலம். 'போஸ்ட்மேன்' என்பதில் உள்ள 'போஸ்ட்' பின் என்னும் பொருளுடையதன்று.

சோதிக்கும் முறை எளிது. முன்னொட்டு என்று நீங்கள் கருதுவதை நீக்கிவிட்டு, எஞ்சிய பகுதி வேறொரு முன்னொட்டோடு வருகிறதா என்று பாருங்கள். அது தனித்து நிற்க வேண்டும் என்பதில்லை. 'ரிசீவ்' என்பதில் எஞ்சும் 'சீவ்' தனிச்சொல் அன்று. ஆனால் 'டிசீவ்', 'கன்சீவ்', 'பெர்சீவ்' என்று மீண்டும் மீண்டும் வருகிறது, ஆகவே அது மெய்யான பகுதி. 'அங்கிள்' என்பதில் எஞ்சுவது வேறெங்கும் வருவதில்லை. இந்தச் சோதனை ஐயத்தை எழுப்பத்தான் உதவும். தீர்ப்பு வழங்க வேண்டியது சொற்பிறப்புக் குறிப்புள்ள அகராதியே. நல்ல ஆங்கில அகராதிகளில் பொருளுக்கு முன்போ பின்போ அந்தக் குறிப்பு இருக்கும். நாம் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் பகுதி அது.

இப்போது 'இன்டிபென்டன்ட்' என்ற சொல்லை எடுத்து, ஒரு தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். நடுவில் இருப்பது தொங்குதல் என்னும் பொருளுடைய 'பெண்டேரே'. அதன் முன் கீழ்நோக்கிய 'டி'. ஒன்றைப் பற்றிக்கொண்டு கீழே தொங்குவதால் சார்ந்திருத்தல் என்ற பொருள் வந்தது. அதற்கும் முன் எதிர்மறை 'இன்'. அடுத்து 'சஸ்பெண்ட்' என்ற சொல்லில் அதே தொங்குதல் எங்கிருந்து நிகழ்கிறது, 'சஸ்' என்பது எந்த முன்னொட்டு திரிந்த வடிவம் என்பதை அகராதியைத் திறக்காமல் ஊகித்து எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள்.